முகம் தெரியாத கண்ணாடி

என் தலை அந்த ஹெல்மெட்டுக்குள் பாதியில் மாட்டிக்கொண்டது. காதுகள் மடங்கி எரிந்தன. கடைக்காரர் இரண்டு பக்கமும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். கன்னம் நெரிந்து உதடு குவிய, உள்ளே போய்விட்டேன்.

"தலைய ஆட்டுங்க ஐயா. ஹெல்மெட் தனியா ஆடக்கூடாது. மொதல்ல புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாத்தான் இருக்கும், போகப்போகப் படிஞ்சிடும்."

மருமகள் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. நான் சிரிக்கவில்லை. வாங்க வந்தது அவளுக்குத்தான்; எப்படி இருக்கிறதென்று பார்க்க நான் மாட்டியது. வீடு வீடாகப் போய் நோயாளிகளின் கைகால்களை நீவி நடக்கவைக்கும் வேலை அவளுடையது. மகன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அவன் மோட்டார் சைக்கிளைத்தான் எடுத்துப் போகிறாள். பழைய ஹெல்மெட் தளர்ந்துபோய், காற்று புகுந்து கண் எரிகிறதாம். புதிது வாங்கட்டும். ஆனால் அதன் கண்ணாடி கறுப்பாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணின் முகம் சாலையில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தேன்.

"கறுப்பு வெயிலுக்குத்தான் ஐயா. பொழுது சாஞ்சா பள்ளம் தெரியாது," என்றார் கடைக்காரர்.

"ஊர்ல எல்லாரும் போட்டுக்கிட்டுத்தானே போறாங்க?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "சரி மாமா. நீங்க அதப் போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் என் பின்னாடி வாங்க. ரோடு தெரியுதுன்னு நீங்க சொல்லிட்டா, நாளையிலேர்ந்து எனக்கும் அதே."

கடைக்காரர் முன்னால் பின்வாங்க முடியுமா? கறுப்புக்குள் என்னை யாருக்கும் தெரியாது என்ற தைரியமும் இருந்தது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இருக்கைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் சாலை மறைந்தது. விளக்குகள் மட்டும் கலங்கிய தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல வந்து போயின. என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. அது கண்ணாடியில் படிந்து, இருந்த கொஞ்சத்தையும் மூடியது.

சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் உரசுவதுபோல வந்து நின்றது.

"என்னம்மா, பின்னாடி யாரு, மூட்டை மாதிரி?"

ஒன்றுவிட்ட தம்பியின் குரல். போன வருஷம் அவன் மகள் ஓட்டிய வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து வந்ததற்கு, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "பொம்பளை முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு போறதுக்கு வீட்டுலயே கிடக்கலாமே" என்று கேட்டவன் நான். முதுகெலும்பை நிமிர்த்தியபடி மூட்டையாகவே இருந்தேன்.

"பேஷன்ட் சின்ன மாமா. வீட்டுல விடப் போறேன்."

"பாவம், பேச்சும் போயிடுச்சா? சரி, நானும் அந்தப் பக்கந்தான், கூட வரேன் வா."

பச்சை விழுந்தது போலிருக்கிறது, வண்டி பாய்ந்தது. ஸ்கூட்டரின் சத்தம் பக்கத்திலேயே வந்தது. இப்போது கண்ணாடியைத் தூக்கினால் மானம் போயிற்று. ஏதோ ஒன்று பெரிதாக இரைந்து முழங்காலுக்கு அருகில் கடந்தது. என்னையறியாமல், "அம்மாடி, என்னது அது?" என்றேன்.

"லாரி. போயிடுச்சு மாமா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அதன்பிறகு அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். "மேடு வருது... இடது பக்கம் பள்ளம், சாயறேன்... நாய் ஒண்ணு நிக்குது, போயிடும்." அவள் சொன்ன பிறகுதான் மேடும் பள்ளமும் என் உடம்புக்கு வந்து சேர்ந்தன. அந்தக் குரலுக்குத் தலையைச் சாய்த்துக் கொடுத்தபடி இருந்தேன்.

"முன்னாடி ஒரு வண்டி, லைட்டே இல்லாம..."

அதோடு அவள் பேச்சு நின்றது. வண்டி நிற்கவில்லை. பக்கத்தில் ஸ்கூட்டர் இரைந்துகொண்டே வந்தது. தூக்கினால் அவனுக்கு என் முகம் தெரியும்; தூக்காவிட்டால் எனக்கு எதுவும் தெரியாது. என் விரல்கள் கண்ணாடியின் விளிம்பைத் தொட்டபடி இருந்தன.