அரை கிலோ பெப்பர்

கறிக்கடை அண்ணனுக்குத் தங்கையின் கைப்பக்குவத்தில் சந்தேகமே கிடையாது. அவருடைய சந்தேகமெல்லாம் பாஸ்தாமேல்தான். தன் கடையை ஒட்டிப் பூட்டிக்கிடக்கும் அறையைப் பாஸ்தாக் கடை போட அவள் கேட்டதும், அதை எவன் வாங்கித் தின்பான் என்று சிரித்தார். டயர்க் கடைக்காரர் வேறு அதே அறையைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணன் ஒரு முடிவு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சாப்பிடுவார். தட்டு காலியானால் அறை தங்கைக்கு, மிச்சம் விழுந்தால் டயர்க்காரருக்கு.

"அப்ப சாவியைக் கையோட எடுத்துட்டு வாங்க," என்றாள் தங்கை.

நாற்பது தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பெரிய ஓட்டலின் அடுக்களையில் ஊராருக்கெல்லாம் பாஸ்தா கிளறிக் கிளறிப் பழகிய கை. அந்தத் தைரியத்தில்தான் பேசினாள்.

ஞாயிறு காலை கொத்துக்கறியில் பூண்டும் சோம்பும் உப்பும் போட்டுப் பிசைந்தாள். கழுவிய ஆட்டுக்குடலைப் புனலின் மூக்கில் மாட்டி, கட்டைவிரலால் கறியை அழுத்தி அழுத்தி உள்ளே இறக்கினாள். சாசேஜ் வளைந்து வளைந்து தட்டில் விழுந்தது. வெளியே கிளம்பிய கணவரிடம், திரும்பாமலேயே, பெப்பர் அரை கிலோ வாங்கி வரச் சொன்னாள். ஓட்டலில் குடைமிளகாயை எல்லோரும் பெப்பர் என்றுதான் சொல்வார்கள். கை கறியில் இருந்ததால் வாயில் ஓட்டல் பேச்சு வந்துவிட்டது.

பஸ் ஓட்டுநரான அவள் கணவருக்குத் தெரிந்த பெப்பர் ஒன்றே ஒன்றுதான். சாவகாசமாகச் சுற்றிவிட்டு வந்து, சாதித்த முகத்தோடு பொட்டலத்தை மேசையில் வைத்தார். அரை கிலோ மிளகு. வீட்டில் என்ன விசேஷம் என்று கடைக்காரர் கேட்டாராம். அதில் இவருக்குப் பெருமை வேறு.

கேட்டது குடைமிளகாய் என்று பாப்பா பதறினாள். காய்கறிக் கடை மூடியாகிவிட்டது, அண்ணனோ வருகிற நேரம். அதைவிட, மிளகு என்றால் அண்ணனுக்கு ஆகவே ஆகாது. சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு மிளகாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைப்பார். அப்படி அடுக்கினால் அதுவும் மிச்சம்தானே?

"குடைமிளகாய்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் கணவர் மெதுவாக.

"தப்பு என்னுதுதான். ஆனா இடிக்கிறது நீங்க."

பயம் அவ்வளவுதான், அடுப்பு பற்றியதும் போய்விட்டது. ஒரு கைப்பிடி மிளகை வெறும் வாணலியில் வாசனை எழும்வரை வறுத்துக் கொடுத்தாள். அவர் தும்மித் தும்மி இடித்தார். டீ வடிகட்டியில் சலித்து, தங்கிய திப்பியைத் திரும்பவும் இடிக்கச் சொன்னாள். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

சாசேஜைத் துண்டு போட்டுச் சிவக்க வறுத்தாள். வாணலியில் நின்ற கொழுப்பிலேயே மிளகுத்தூளைப் போட்டு, பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்றினாள். சீஸைத் துருவிப் போட்டதும் எல்லாம் சேர்ந்து குழம்பாகத் திரண்டு பாஸ்தாவைப் பிடித்துக்கொண்டது.

அண்ணன் வந்தார். முதலில் சாசேஜை வெட்டிப் பார்த்து, கறி இறுக்கமாக அடைபட்டிருக்கிறது என்று தொழில்காரராக ஒப்புக்கொண்டார். பிறகு தலை நிமிரவே இல்லை. நடுவில் ஒருமுறை முள்கரண்டியால் பாஸ்தாவைக் கிளறி எதையோ தேடினார். பொறுக்க எதுவும் அகப்படவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சாப்பிட்டார். தும்மல் வந்துவிடாமல் மூக்கைப் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார் மாப்பிள்ளை.

"சுள்ளுனு நல்லாத்தான் இருக்கு. என்ன போட்டே?" என்றார் அண்ணன், கடைசி வாயை விழுங்கிவிட்டு.

"மிளகு," என்றாள் பாப்பா. பேச்சோடு பேச்சாக, அது வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையையும் சொன்னாள்.

அண்ணன் தட்டைப் பார்த்தார். மேசையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். பையிலிருந்து சாவியை எடுத்து, இத்தனை வருஷமாக மிளகு அடுக்கிய தட்டின் ஓரத்தில் வைத்தார். பாப்பா அதைச் சட்டென்று எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கடை உன்னுது. ஆனா ஒண்ணு," என்றார், மாப்பிள்ளையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "சரக்கு வாங்க மட்டும் நீயே போ."