அப்பாசியாவில் லயனல் ப்ரிஸ்டோ

எங்கள் வீடும் ரகுநாதன் வீடும் மூன்றாவது மாடியில் எதிரெதிர். கதவைத் திறந்தால் அவர் வாசலில் கிடக்கும் செருப்புகள் தெரியும். எத்தனை ஜோடி, எந்த அளவு என்று ஒரு பார்வை பார்த்தால் அன்றைக்கு நாடக ஒத்திகை உண்டா, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இதற்கு என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் பெயர் வேறு. குவைத்தில் நாங்கள் இருக்கும் இந்த அப்பாசியாவில் கடை கண்ணி நாலு, தூசிக்காற்று மாசத்துக்கு எட்டு நாள். மனுஷி பொழுதை எப்படித்தான் போக்குவது?

ரகுநாதன் எண்ணெய்க் கம்பெனியில் டைப் அடிக்கிற குமாஸ்தா. அது பகலில். சாயங்காலமானால் குவைத்துத் தமிழர்களின் நாடக ஆசிரியர். எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு மூன்று வருஷமாக அவர் நாடகம்தான். எழுத்து, வசனம், இயக்கம் மூன்றுக்கும் நோட்டீஸில் மூன்று தடவை அவர் பெயர் வரும். அவர் மனைவி நீலா அந்த நோட்டீஸ்களை விமானத் தபாலில் திருச்சிக்கு அப்பாவுக்கு அனுப்பிவிடுவாள். "டைப்பிஸ்ட்டுக்கா பொண்ணைக் குடுக்கறதுன்னு அப்பா அப்ப முகத்தைத் தூக்கி வெச்சிண்டார். இப்ப பாருங்கோ சரோஜாக்கா" என்பாள். எனக்குப் பாவமாக இருக்கும். ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும்.

ஒரு நாள் அரிசி களைய ஏனம் வாங்கப் போனேன். நீலா உள்ளே இருந்தாள். மேஜையில் வெள்ளைக்காரர்களின் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு புத்தகம் கிடந்தது. சும்மா கிடந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். லயனல் ப்ரிஸ்டோ என்று ஒரு லண்டன்காரர் எழுதிய நாடகங்கள். ஓரத்தில் பென்சிலால் நம் ரகுநாதனின் முத்து முத்தான கையெழுத்து. மார்கரெட்டுக்கு நேரே மங்களம். ஆர்தருக்கு நேரே அரங்கநாதன். பாதிரியாருக்கு நேரே ஒரு கேள்விக்குறி, அதற்குக் கீழே புரோகிதர்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் கணக்கில் சேர்த்தியில்லை. ஜெயலட்சுமியிடம் சொன்னேன், அவள் எனக்குத் தங்கை மாதிரி. அவ்வளவுதான்.

புத்தகத்தின் பின்னட்டையில் அந்த ப்ரிஸ்டோவின் ஜாதகமே இருந்தது. இருபத்தேழு வயதில் முதல் நாடகம், லண்டனில் இரண்டு வருஷம் ஓடியது. இரண்டாவது ஏழு மாதம். மூன்றாவது மூன்று மாதம். பிறகு எத்தனை நாள் ஓடின என்று எழுதுவதை அட்டைக்காரர்களே மரியாதையாக விட்டுவிட்டார்கள். அப்புறம் சினிமாவுக்குப் போனார். நீர்மூழ்கிக் கப்பலில் மாட்டிக்கொண்ட பதினோரு பேர் பற்றி ஒரு படம், திருடனைப் பிடிக்கும் நாய் பற்றி ஒரு படம். ஏறிய ஏணியில் அவர் இறங்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கே புரிந்தது.

அப்படி இறங்கி இறங்கி, எழுபத்தேழாம் வருஷம் ஜனவரி மாதம் அவர் குவைத்திலேயே வந்து இறங்கிவிட்டார். எண்ணெய் பூமியிலிருந்து எப்படி வெளியே வருகிறது என்று காட்டும் நாற்பது நிமிஷப் படத்துக்கு எழுத வேண்டுமாம். ரகுநாதன் வேலை செய்கிற அதே கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. எங்கள் சங்கத் தலைவர் அனந்தகிருஷ்ணனும் அங்கேதான் பெரிய எஞ்சினீயர். லண்டன் நாடக ஆசிரியர் ஒருவர் கெஸ்ட் ஹவுஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும், யாரையும் கேட்காமல் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட கையோடு எங்கள் மாடிக்கு வந்து, இனிப்புச் செய்தி மாதிரி அதைச் சொன்னார்.

"ஒரு ரைட்டரோட நாடகத்தை இன்னொரு ரைட்டர் பாக்கப் போறார். என்ன மிஸ்டர் ரகுநாதன், சந்தோஷம்தானே?"

"ரொம்ப" என்றார் ரகுநாதன். நான் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தேன். அந்த முகத்தில் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்த வருஷம் போட இருந்ததும் ப்ரிஸ்டோவின் சரக்குதான். பணக்காரப் பெரியப்பா எங்கோ வெளியூரில் சாகக் கிடக்கிறார், வீட்டில் அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேரும் காத்திருக்கிறார்கள், தந்தி வருகிறது, பிரித்துப் படித்துவிட்டுச் சொத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். கதையை மாற்ற நேரமில்லை. நடிக்கிறவர்கள் எல்லாம் லேபர் கேம்ப்பிலிருந்து டூட்டி முடிந்து வந்து, வசனத்தை எழுத்துக் கூட்டி நெட்டுருப் போட்டவர்கள். ரகுநாதன் தன்னால் முடிந்ததைச் செய்தார். மூலத்தில் இருந்த குடையைக் கைத்தடி ஆக்கினார். டீக் கோப்பைகளைக் காபி டம்ளர் ஆக்கினார். பெரியப்பாவுக்குக் காசநோய் போய்ச் சர்க்கரை வந்தது. யானையை ஒளிக்கப் பாய் தேடிய கதைதான்.

விழாவுக்கு முதல் நாள், வியாழக்கிழமை ஒத்திகையில்தான் தந்தித் தகராறு. தம்பி வேஷம் சோலைமுத்துவுக்கு. புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், பையன் என்று சொல்ல முடியாது, முப்பத்தைந்து வயது, கேம்ப்பில் வெல்டர். மேடையில் தந்தியைப் பிரித்துப் படிக்க வேண்டியவன் அவன்தான். பிரிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான்.

"சோலைமுத்து, இது வெறும் பேப்பர்யா. கடையில வாங்கின பேப்பர்" என்று ரகுநாதன் கெஞ்சுவது எங்கள் அடுப்படி வரை கேட்டது.

"இருக்கட்டும் சார். எங்க கேம்ப்புல தந்தி வந்தா வந்தவன் பிரிக்க மாட்டான். அடுத்தவன் கையிலதான் குடுப்பான். அவனும் லேசுல பிரிக்க மாட்டான். போன மாசம் உடையப்பனுக்கு வந்தது ரெண்டு நாள் டிரங்குப்பெட்டி மேலயே கெடந்துச்சு."

"இது நாடகம்!"

"பாக்க வர்றவுக கேம்ப்பு ஆளுங்க தான சார்? நான் பிரிச்சேன்னா பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவாக. யாருக்கு எப்ப வரும்னு அவனவன் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கான். உங்களுக்குப் போனு இருக்கு, தெரியாது."

யல்லா, நடத்து என்று மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ரகுநாதன் கத்தினார். சோலைமுத்து அசையவில்லை. வேறு ஆளுக்கு நேரமும் இல்லை. கடைசியில் ரகுநாதன் ராத்திரி சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு எழுதினார் என்று நீலா சொன்னாள். தந்தி வரும், ஆனால் யாரும் பிரிக்க மாட்டார்கள். அண்ணன் தங்கையிடம் கொடுப்பான், தங்கை தம்பியிடம் கொடுப்பாள், தம்பி மேஜையில் வைப்பான். அதை நடுவில் வைத்துக்கொண்டே சொத்துச் சண்டை முழுவதும் நடக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. பள்ளிக்கூடத்து ஹால். நல்ல குளிர். முன்வரிசையில் எங்களைப் போன்ற ஆபீஸ் குடும்பங்கள், பட்டும் ஸ்வெட்டருமாக. பின்னால் கம்பெனி பஸ்ஸில் வந்த கேம்ப் ஆட்கள், சிலர் கம்பளியையே போர்த்திக்கொண்டு. நான் நீலாவையும் இழுத்துக்கொண்டு ப்ரிஸ்டோவுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த இடத்துக்கு மூன்றரை மணிக்கே கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். உயரமான மனுஷர், நரைத்த புருவம், முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு. எந்த நிமிஷம் திரும்பி யாரைக் கேட்கப் போகிறார் என்று அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் காட்சியில் மங்களம் வந்தாள். மங்களமாக வந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன், மீசையை எடுக்க மாட்டேன் என்று முந்தானையால் மூடிக்கொண்டிருந்தார். ப்ரிஸ்டோவின் பிடரி அசையவில்லை. அரங்கநாதன் கைத்தடியைத் தேடி வீடெல்லாம் அலைந்தபோது மட்டும், சபையில் யாருமே சிரிக்காத இடத்தில், அவர் ஒரு தரம் மூக்கால் சிரித்தார். எனக்குக் குளிரே மறந்துவிட்டது. கண்டுபிடித்துவிட்டார்! திரைக்கு ஓரத்தில் ரகுநாதனின் ஒற்றைக் கண் தெரிந்தது. அதுவும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டது.

பிறகு தந்தி வந்தது. பின்வரிசையில் இருமல் நின்றது. அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்கு, தங்கை கையிலிருந்து தம்பி கைக்கு. சோலைமுத்து அதை மேஜைமேல் வைத்துத் தண்ணீர்ச் செம்பை எடுத்து அதன்மேல் வைத்தான். அந்தச் செம்பை ரகுநாதன் எழுதவில்லை, அவனாகச் செய்தது. அடுத்த அரைமணி நேரம் மூவரும் நிலத்துக்கும் வீட்டுக்கும் அடித்துக்கொண்டார்கள். செம்பு பக்கம் கை போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இருநூறு பேர் மூச்சை இழுத்தார்கள். ப்ரிஸ்டோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பிரிக்காமலேயே திரை விழுந்தது. கைதட்டு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அனந்தகிருஷ்ணன் மாலை போட்டு, விருந்தினரைப் பேச அழைத்தார். மொழிபெயர்க்க வழக்கம்போல ரகுநாதன்தான். இரண்டு பேரும் ஒரே மைக்குக்கு முன்னால் நின்றார்கள்.

ப்ரிஸ்டோ ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "இந்த வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்தொன்பதில் லண்டனில் இதைக் கட்டியவனே நான்தான். அங்கே பதினோரு நாள் நின்றது."

ரகுநாதன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வந்து... நாடகம் ரொம்ப நல்லா இருக்குன்னு சார் சொல்றார்."

முன்வரிசை முழுக்க ஆங்கிலம் தெரிந்தவர்கள். அனந்தகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். "மிஸ்டர் ரகுநாதன், அவர் அப்படிச் சொல்லலையே."

ரகுநாதன் முன்வரிசையைப் பார்த்தார். நீலாவைப் பார்த்தார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அதற்குத்தானே அந்த இடம். அவளுக்கு இன்னும் புரியவில்லை. புரிய ஆரம்பித்துக்கொண்டிருந்தது.

"இந்த நாடகம் இவர் எழுதினது" என்றார் ரகுநாதன். "நான் எடுத்துப் போட்டேன். சொல்லாம எடுத்தேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப போன வருசம் போட்டது?"

"அதுவும் இவரோடது."

"அதுக்கு முந்தின வருசம்? மாமியார் பல்செட்டைத் தொலைக்கிறது?"

"அதுவும்."

"பெரிய ஆளுதான்யா. நம்மூரு சங்கதியெல்லாம் லண்டன்ல உக்காந்துக்கிட்டு எழுதியிருக்காரு!"

பின்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரிக்கவில்லை. ப்ரிஸ்டோவுக்கு என்ன சிரிப்பென்று தெரியாது. அவர் ரகுநாதன் தோளைத் தொட்டு, "என் நாடகத்தில் அவர்கள் அதைப் பிரித்துவிடுவார்கள். அதனால்தான் அது பதினோரு நாளில் செத்தது, இன்றைக்குத்தான் தெரிகிறது. பிரிக்காமல் விட உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்று கேட்டார்.

மனுஷனுக்கு வாசல் திறந்துவிட்டாயிற்று. அது என் கற்பனை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒத்திகையைக் கேட்டவர்கள் நடித்தவர்களும் நீலாவும் என் அடுப்படியும்தான். ரகுநாதன் கேள்வியைத் தமிழில் சொன்னார். பிறகு, "எனக்குத் தோணலை. சோலைமுத்துதான் பிரிக்க மாட்டேன்னான். நான் திட்டினேன்" என்று இரண்டு மொழியிலும் சொன்னார்.

சோலைமுத்துவை முன்னால் தள்ளினார்கள். "ஏன்ப்பா பிரிக்கலைன்னு சார் கேக்கறார்" என்றார் ரகுநாதன்.

"பிரிக்காத வரைக்கும் ஊருல எல்லாரும் இருக்காகள்ல சார்" என்றான். "எதுக்கு அவசரம்?"

ரகுநாதன் அதை மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ப்ரிஸ்டோ நோட்டீஸின் பின்பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டு, சோலைமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். கலாஸ், அவ்வளவுதான் முடிந்தது, எல்லாரும் ஓடினார்கள்.

அந்த மனுஷர் அந்தத் தந்தியை அப்புறம் எந்தப் படத்தில் வைத்தாரோ தெரியாது. வைத்திருந்தால் சோலைமுத்து பெயரைப் போட்டிருக்க மாட்டார். எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

வீடு திரும்பும்போது நீலாவுக்குத் துணையாக நான் கூட நடந்தேன். துணைக்கு மட்டும்தான். மண்ணில் செருப்பு அழுந்த அழுந்த நடந்தாள்.

"சரோஜாக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கா? எனக்கென்னம்மா தெரியும், நான் உண்டு என் வேலை உண்டுன்னு இருக்கறவ."

"ஜெயலட்சுமிக்குத் தெரியுமாம். நீங்க சொன்னதா சொன்னா."

தங்கை மாதிரி என்று நினைத்தது என் தப்பு.

நீலா நாலு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அவர் டூட்டிக்குப் போனதும், வீட்டிலிருந்த ப்ரிஸ்டோ புத்தகம் ஆறையும் பையில் போட்டுத் தானே டாக்ஸி பிடித்துப் போய் நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அவள் சொன்னது எதிர்வீடு வரை கேட்டது.

"அப்பாவுக்கு நான் ஒண்ணும் எழுதப் போறதில்லை. அடுத்த பொங்கலுக்கு நீங்களா ஒண்ணு எழுதணும். முழுக்க நீங்களா. அதோட நோட்டீஸைத்தான் அனுப்புவேன்."

"எனக்கு வராது நீலா."

"வரலைன்னா வரலை. எழுதுங்கோ."

எட்டு மாதம் எழுதினார். செருப்புகள் குறைந்தன, குப்பைக்கூடையில் கசக்கிய காகிதம் நிறைந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஓரிரண்டு பார்த்திருப்பேன்.

எழுபத்தெட்டுப் பொங்கலுக்கு நாடகம் அரங்கேறியது. ஒரு குமாஸ்தா, அவன் டைப்ரைட்டரோடு பேசுகிறான். டைப்ரைட்டர் பதில் பேசுகிறது, அதுவும் செய்யுளில். இரண்டரை மணி நேரம். சோலைமுத்துதான் டைப்ரைட்டர், பாவம். பின்வரிசையில் பாதி, நாடகம் முடியும் முன்பே பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிட்டது. முடிந்ததும் ரகுநாதன் மேடைக்கு வந்து நிமிர்ந்து நின்று கும்பிட்டார். மூன்று வருஷத்தில் அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. நீலா உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

திருச்சிக்கு நோட்டீஸ் போயிற்று. நாடகம் அவர் சொந்தம்தானா என்று அப்பாசியாவில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. அவ்வளவு மோசமான நாடகத்தை லண்டனில் யாரும் எழுதியிருக்க முடியாது.