மூடி திறக்கும் இடம்

அன்று மதியத்துக்குள் மூன்றாவது கூடையும் திரும்பி வந்துவிட்டது. மூங்கில் கூடைக்குள் இருந்த எட்டு சூப் டம்ப்ளிங்கில் ஆறு அடிப்பக்கம் கிழிந்து, சாறெல்லாம் தாளில் ஊறி, காற்றுப் போன பைகளாகக் கிடந்தன. அவள் அந்தக் கூடையைத் தன் மேசைமேல் வைத்து, ஒன்றை விரலால் திருப்பிப் பார்த்தாள். மேலே மடிப்புகள் ஒன்றுகூடக் கலையவில்லை. கிழிசல் வழக்கம்போல அடியில்தான் இருந்தது.

அந்தச் சீன உணவகத்தில் அவளுக்குப் பெயரே பதினெட்டுதான். வட்டமாகத் தேய்த்த மாவுத் தோலை உள்ளங்கையில் வைத்து, மடிப்புமேல் மடிப்பாகப் பதினெட்டு மடிப்பு போட்டு வாயைத் திருகி மூடுவாள். மேசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற மூன்று பெண்களும் பதினைந்து, பதினாறோடு முடித்துவிடுவார்கள். ஆறு வருடமாக அவள் ஒருநாளும் எண்ணிக்கையைக் குறைத்ததில்லை.

மாவுக்குள் எப்படிச் சூப்பை ஊற்றுகிறீர்கள் என்று அவளிடம் கேட்காதவர்கள் கிடையாது. ஊற்றுவதே இல்லை. கோழி எலும்பையும் காலையும் தோலையும் போட்டு ஆறு மணி நேரம் கொதிக்கவிட்ட சாறு, குளிர்பெட்டிக்குள் போனால் கட்டியாக இறுகிவிடும். அதைப் பொடியாக நறுக்கி, கொத்திய கறியோடு பிசைந்து, மாவுத் தோலுக்குள் வைத்து மூடுவார்கள். ஏழு நிமிடம் ஆவியில் வெந்ததும் கட்டி உருகி மறுபடி சாறாகிவிடும். இந்த டம்ப்ளிங்குக்குத் தோல்தான் கிண்ணம். கிண்ணம் கிழிந்தால் சாப்பிட வந்தவருக்கு மிஞ்சுவது ஈர மாவும் ஒரு கறி உருண்டையும்தான்.

இரண்டு மாதமாக இந்தக் கூத்து நடக்கிறது. மாவில் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். கூடுதலாக அரை மணி நேரம் மாவை ஊறவிட்டாள். தோலின் நடுவைத் தடிப்பாகத் தேய்த்தாள். கூடையில் விரிக்கும் தாளுக்கு எண்ணெய் தடவினாள். எதுவும் எடுபடவில்லை. அதைவிட மண்டையைக் குடைந்தது வேறொன்று. பின்கட்டில் அவர்கள் ஆவி அடுப்பிலிருந்து நேராக எடுத்துத் தின்னும் டம்ப்ளிங் ஒன்றுகூடக் கிழிவதில்லை. அதே மாவு, அதே கை, அதே அடுப்பு. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் மட்டும் கிழிகிறது.

"அண்ணே, நீங்க கூடையை ஏதும் இடிக்கறீங்களா?" என்று ஆவி அடுப்புக்காரரிடம் கேட்டாள்.

"கைக்குழந்தையைக் குடுக்கற மாதிரி ஜன்னல்ல குடுக்கறேன் தாயி. அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எனக்கென்ன தெரியும்? நடுவுல அந்தப் பிளாஸ்டிக் திரை தொங்குது."

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். திரும்பி வந்த கூடையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து மெஷின் தோல் வருது. தடிப்பா இருக்கும், கிழியாது. மடிக்கறதுக்கு ஒரு ஆள் போதும்."

"மத்த மூணு பேரு?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். மேசையைச் சுற்றி இருந்த நான்கு பெண்களும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கைகள் மட்டும் மடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. அறையில் அவளோடு தங்கியிருக்கும் தோழிகள் இருவர். ஒருத்தி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். இன்னொருத்தி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டுத் தேய்ப்பவள். மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை அமைவது அபூர்வம். அமைந்தால் வெளியே போய்ச் சாப்பிடுவார்கள்.

"இன்னைக்கு உங்க கடைக்கே போவோம்" என்றாள் பஸ்காரி.

"விளையாடறியா? நான் அங்க வேலை பாக்கறவடி."

"அதனால என்ன? நான் லீவு நாள்ல பஸ்ல ஏறறதில்லையா? டிக்கெட் எடுத்துட்டு ஜம்முன்னு ஜன்னலோரம் உக்காருவேன்."

"ஆறு வருஷமா கண்ணுல காட்டாம ஏமாத்தறா" என்றாள் சலவைக்காரி. "திங்கக்கிழமை இவளைத் துரத்திட்டா அப்புறம் எங்க போய்த் தின்னறது? கிளம்புடி."

கடையின் முன்வாசல் எப்படித் திறக்கும் என்றுகூடப் பதினெட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. தள்ளினாள். இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. பரிமாறும் பெண் தேநீர்க் குவளையோடு வந்து, அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்களா? மாவு இல்லாம அடையாளமே தெரியல."

"சூப் டம்ப்ளிங் ஒரு கூடை கொண்டாம்மா" என்றாள் பஸ்காரி. "இந்தம்மா கைப்பக்குவத்தைக் காசு குடுத்துத் தின்ன வந்திருக்கோம்."

பதினெட்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிளாஸ்டிக் திரையின் இந்தப் பக்கத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். ஜன்னலடியில் ஒரு பலகை. அதன் ஓரத்தில் சூப்பர்வைசர் நின்றார். திரைக்குள்ளிருந்து ஒரு கூடை வந்தது. ஆவி அண்ணனின் கை அதை மெல்ல வைத்துவிட்டு மறைந்தது. சூப்பர்வைசர் மூடியைத் தூக்கித் தனியே வைத்தார். குச்சி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எழுதிக்கொண்டார். பரிமாறுகிறவள் வரும்வரை கூடை திறந்தே கிடந்தது. நேர் மேலே, கோடைக்கென்று இரண்டு மாதத்துக்கு முன் மாட்டிய ஏசி. பலகையில் இருந்த சீட்டுகள் அதன் காற்றில் படபடத்தன.

"என்னடி எண்ணறாரு?" என்றாள் பஸ்காரி.

"எட்டு இருக்கான்னு."

மூன்று மாதத்துக்கு முன் ஒரு கூடை ஏழோடு போய்விட்டது. நாளெல்லாம் மனதுக்குள் ஒன்று முதல் பதினெட்டு வரை மடிப்பு எண்ணுகிறவளுக்கு, எட்டு என்ற எண் எங்கோ நடுவில் வந்து போகும் ஓர் எண். அன்று மடிப்புக் கணக்கும் கூடைக் கணக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நான்தான் ஒன்று குறைத்து வைத்துவிட்டேன் என்று அவளே போய்ச் சொன்னாள். உள்ளே யாரோ வாயில் போட்டுக்கொண்டார்கள் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டினார். இனி ஒவ்வொரு கூடையையும் எண்ணித்தான் அனுப்புவேன் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. எண்ணுவதென்றால் இப்படி என்று பின்கட்டில் யாருக்கும் தெரியாது.

அவர்கள் கூடை வந்தது. மூடியைப் பரிமாறுகிறவள் மறுபடி ஒருமுறை திறந்து காட்டினாள். சலவைக்காரி குச்சியால் ஒன்றைக் கவ்வித் தூக்கினாள். மேல்பாதி வந்தது. அடி தாளிலேயே நின்றது. சாறு வழிந்தது.

அவள் தின்னவில்லை. குனிந்து தாளை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எங்க உருளைல நடக்கறதுதான்டி. ஈர விரிப்பு கொதிக்கக் கொதிக்க இருக்கறப்ப இழுத்தா வழுக்கிட்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல தண்ணி இருக்கும். கரண்ட் போயி உருளை நின்னு, அப்படியே ஆறிடுச்சுன்னு வையி, கஞ்சி போட்ட விரிப்பு இரும்புல பசை மாதிரி புடிச்சுக்கும். இழுத்தா கிழியும். உன் மாவுலயும் கஞ்சிதானே இருக்கு?"

பதினெட்டு ஜன்னலையும் ஏசியையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்கட்டில் யாரும் கூடையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. திறந்த கை சூட்டோடு வாய்க்குப் போய்விடும்.

"நம்ம கூடை எவ்வளவு நேரம் திறந்து கிடந்துச்சு?"

"ஒரு நிமிஷம் அம்பது செகண்டு" என்றாள் பஸ்காரி. அவள் கடிகாரத்தைப் பார்க்காமல் எங்கும் உட்காருவதில்லை. "நான் ஸ்டாப்புல நின்னாலே இருபது செகண்டுதான்."

பஸ்காரி கையைத் தூக்கி, பேருந்தின் பின்படிக்கட்டு வரை கேட்கும் குரலில் சொன்னாள்: "இன்னும் ரெண்டு கூடை. ஒண்ணு வழக்கம்போல. ஒண்ணு மூடியே திறக்காம."

சூப்பர்வைசர் வந்தார். பதினெட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எண்ணாம அனுப்பற பழக்கம் இங்க இல்ல."

"நாங்க எண்ணிக்கறோம் சார். எட்டு வரைக்கும் எங்களுக்கும் தெரியும்" என்றாள் பஸ்காரி.

"நீ எதுக்கு இங்க உக்காந்திருக்கே?" என்று அவர் பதினெட்டிடம் கேட்டார்.

அவள் எழுந்துவிடப் பார்த்தாள். சலவைக்காரியின் கை மேசைக்கடியில் அவள் முழங்காலை அழுத்தியது.

"சாப்பிட வந்திருக்கேன் சார்" என்றாள் பதினெட்டு.

வாசலோர மேசையிலிருந்து முதலாளியம்மா எழுந்து வந்தார். வயதானவர், முழங்கால் வலியோடு நடப்பவர். கிழிந்த டம்ப்ளிங்கைப் பார்த்தார், பதினெட்டைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேக்கறபடி கொண்டா" என்றார்.

இரண்டு கூடையும் ஒரே அடுக்கிலிருந்து, ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வந்தன. ஒன்றைச் சூப்பர்வைசர் திறந்து எண்ணினார். மற்றதன்மேல் பரிமாறுகிறவள் தன் உள்ளங்கையை வைத்து மூடியை அழுத்திக்கொண்டாள், யாராவது பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல. பஸ்காரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் ஆனதும் தலையசைத்தாள். இரண்டு கூடையும் மேசைக்கு வந்தன.

திறந்து கிடந்த கூடையில் முதலாளியம்மா தொட்ட மூன்றில் மூன்றும் கிழிந்தன.

மூடியிருந்த கூடையைப் பதினெட்டு திறந்தாள். ஆவி குபுகுபுவென்று எழுந்து முதலாளியம்மாவின் கண்ணாடியை மறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மடிப்புக்குக் கீழே குச்சியால் பிடித்து ஒன்றைத் தூக்கினார். அது தாளைவிட்டு வழுக்கி எழுந்தது. உள்ளே சாறு கனக்க, கண்ணீர்த்துளியின் வடிவில் தொங்கியது. கரண்டியில் வைத்து, ஓரத்தைக் கடித்து, சாற்றை உறிஞ்சினார். இரண்டாவதை எடுத்தார். அதுவும் முழுதாக வந்தது. மூன்றாவதைப் பஸ்காரி எடுத்தாள், நான்காவதைச் சலவைக்காரி. எட்டும் முழுதாக வந்தன. கடைசியைத் தூக்கும்போது பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கைதட்டியே விட்டார்.

"எங்களுக்கும் திறக்காத கூடை ஒண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

திரையின் பிளாஸ்டிக் பட்டைகள் விலகின. நடுவில் ஆவி அண்ணனின் முகம். அவருக்குப் பின்னால் மாவு படிந்த மூன்று முகங்கள். பதினெட்டு அவர்களைப் பார்த்து ஒரு விரலால் மேசையைத் தட்டிக் காட்டினாள். அந்தச் சைகைக்கு என்ன அர்த்தமென்று அவளுக்கே தெரியாது. தப்பு தங்கள் கையில் இல்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"மெஷின் தோல் வேணாம்" என்றார் முதலாளியம்மா. "நாலு பேரும் இருக்கட்டும்."

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார். "சரிங்கம்மா. ஆனா எண்ணாம எப்படி? உள்ள ஒருத்தர் வாயில போட்டுக்கிட்டா?"

முதலாளியம்மா பதினெட்டைப் பார்த்தார். சலவைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பதினெட்டு அவளை முந்திக்கொண்டாள்.

"எடை போடுங்க" என்றாள். அவள் குரல் மாவு பிசையும்போது இருப்பதுபோல நிதானமாக இருந்தது. "தோல் ஏழு கிராம், உள்ளடக்கம் பதினெட்டு கிராம். எங்க மேசைல தராசு வச்சு நிறுத்துத்தான் மடிக்கறோம். ஒண்ணு இருபத்தஞ்சு. எட்டுக்கு இருநூறு."

"கூடைக்குக் கூடை எடை மாறுமே" என்றார் சூப்பர்வைசர்.

"மாறும். மூங்கில் ஆவியைக் குடிச்சா இன்னும் கனக்கும். அதனால காஞ்ச கூடையை நிறுக்கக்கூடாது. நல்லா ஆவி குடிச்ச கூடையை மூடியோட நிறுத்து, அந்த எடையைக் கூடைமேலயே எழுதிடணும். மூடிக்கும் அதே நம்பர். அஞ்சு பத்து கிராம் அப்படி இப்படி இருக்கும். ஒரு டம்ப்ளிங் குறைஞ்சா இருபத்தஞ்சு குறையும், தராசு மறைக்காது."

முதலாளியம்மா சிரித்தார். "இதை எல்லாம் எப்ப யோசிச்சே?"

"இப்பதான். சாப்பிடறப்ப."

வெளியே வந்ததும் பஸ்காரி தெருவென்று பாராமல் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். சலவைக்காரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "திருடலன்னு நிரூபிக்கறதுக்கு நீயே தராசு எடுத்துக் குடுத்திருக்கே" என்றாள். "குடுக்கலன்னா மறுபடி மூடியைத் திறப்பான்டி" என்றாள் பதினெட்டு. அடுத்த தெருமுனை போவதற்குள் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த விடுமுறைக்கு இறால் டம்ப்ளிங் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போலப் பின்வாசல் வழியாக உள்ளே போனாள். கூடத்துச் சுவரில் ஒரு புதிய அறிவிப்பு மாட்டியிருந்தார்கள் என்று பரிமாறும் பெண் வந்து சொன்னாள். மூடியை உங்கள் மேசையில் நீங்களே திறந்து மகிழுங்கள், இது எங்கள் மேற்பார்வையாளரின் புதிய முறை என்று எழுதியிருந்ததாம். நான்கு பெண்களும் மடித்துக்கொண்டே கேட்டார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு நால்வருமே சிரித்தார்கள். சாயங்காலம் வரை ஒரு கூடைகூடத் திரும்பி வரவில்லை.

ஜன்னல் பலகையில் தராசு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கூடையின் பக்கத்திலும் அதன் ஈர எடையைப் பதினெட்டு தன் கையால் எழுதி வைத்திருந்தாள். மூடிய கூடையைத் தராசில் வைக்க வேண்டும். எழுதிய எடையோடு இருநூறு கூடியிருந்தால் எட்டும் உள்ளே இருக்கின்றன. மூடியை மேசையில் திறந்தால் போதும்.