ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள்

"எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு ஒரே பேரும்மா. டீச்சர் கூப்பிட்டா யாரு எந்திரிக்கணும்?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். "முந்திக்கிட்டவ எந்திரிக்கட்டும்" என்று சிரித்து மழுப்பிவிட்டாள் அம்மா. ஆஸ்பத்திரியில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவள் அவள். ஒரு விடுமுறை நாள் பிற்பகலில், சர்வர் அறைக்குள் தனியாக மாட்டிக்கொண்டபோது அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

உள்ளே விட்ட கதவு இப்போது அவள் கார்டுக்கு அசையவில்லை. உள்ளிருந்த பொத்தானும் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். அவசரச் சாவிப் பெட்டியில் கண்ணாடி பத்திரமாக இருந்தது, சாவிதான் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ஜன்னலே இல்லாத அறை. சின்ன வயதிலிருந்தே மூடிய அறை என்றால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். கதவைப் படபடவென்று தட்டினாள்.

"உள்ள யாரு?" தரை துடைக்கும் அக்காவின் குரல்.

"நான்தான்க்கா, நெட்வொர்க். கதவு திறக்க மாட்டேங்குது."

"நல்ல கூத்து. நீங்க போட்ட பூட்டு உங்களையே புடிச்சு வச்சிருக்கா?" அக்கா போய்விட்டு வந்தாள். "வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன். சாவி ஆபீசர் வீட்ல இருக்காம். வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம்."

"அக்கா, போயிடாதீங்க."

வாளியைக் கவிழ்த்துப் போடும் சத்தம் கேட்டது. "உக்காந்துட்டேன். நீங்க வேலையைப் பாருங்க."

சாவி வரும்வரை துணை வேண்டுமே என்று கடவுள்தான் அந்த வாளியைக் கவிழ்த்திருக்க வேண்டும்.

அவள் கணினி முன் அமர்ந்தாள். பூட்டை இயக்கும் கதவுப் பெட்டியை அதன் நெட்வொர்க் முகவரியில் கூப்பிட்டால் ஒரு நேரம் பதில் வந்தது, ஒரு நேரம் வரவில்லை. வந்த பதிலும் ஒரே பெட்டியிடமிருந்து வரவில்லை. ஒரே முகவரியில் இரண்டு பேர் குடியிருந்தார்கள்.

"ஏதாவது பேசுங்கக்கா."

"என்னத்தப் பேச? வாசல்ல விரல் வைக்கிற மெஷின் வச்சாங்கல்ல, மத்தவங்களை ஒரு நாள் ஏத்துக்குது, ஒரு நாள் விட்டுடுது. என்னை மூணு நாளா வரவே இல்லைங்குது. அப்ப இந்தத் தரையெல்லாம் பேயா தொடச்சுச்சு? நாலாவது நாளும் வரலன்னா வேற ஆள் போட்டுருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மெஷினை வைத்தது அவள்தான். முகவரி ஒன்றைக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் பதில் சொல்லாததால் காலி வீடு என்று மெஷினைக் குடிவைத்தாள். வீட்டுக்காரரான கதவுப் பெட்டி அன்று பழுதுபார்ப்பதற்காக அணைக்கப்பட்டுக் கிடந்தது.

"உங்க வேலை எப்பக்கா முடியும்?"

"நாலுக்கு. அதுக்கப்புறம் விரல் வச்சா மெஷின் ஏத்துக்காது."

மணி நாலு நாற்பது.

"போய் விரல் வச்சிருக்கலாமே."

"போயிடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வகை முகவரி உண்டு. பழைய முறையில் அதை மனிதர்கள் கொடுக்கிறார்கள், தவறலாம். புதிய முறையில் ஒவ்வொரு பெட்டியும் தன் மேல் பொறித்த எண்ணிலிருந்து நீளமான முகவரியைத் தானே அமைத்துக்கொள்கிறது, இன்னொன்றோடு மோதாது. எல்லாப் பெட்டிகளையும் புதிய முறையில் கூப்பிட்டாள். பதில்கள் வரிசையாக வந்தன. நாற்காலி மேல் ஏறி, கதவுக்கு மேலிருந்த பெட்டியின் எண்ணைப் படித்தாள். வந்த பதில்களில் அதே இலக்கங்களில் முடியும் முகவரி ஒன்று இருந்தது. அதன் வழியே உள்ளே போய், பெட்டிக்குப் பழைய முறையில் தனியாக வேறொரு முகவரி கொடுத்து, சர்வருக்கும் சொல்லிவைத்தாள். பூட்டு 'டக்'கென்றது.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. தண்ணி குடிங்க." பாட்டிலை நீட்டினாள். அவள் வாய் திறப்பதற்குள், "பஸ்ஸ விட்டுடுவேன்" என்று வாளியோடு கிளம்பிவிட்டாள்.

வாசலில் யாரும் இல்லை. சர்வருக்குப் போய்ச் சேராத விரல் பதிவுகளெல்லாம் மெஷினுக்குள் பத்திரமாக இருந்தன. எல்லோருடையதையும் அனுப்பினாள். மூன்று நாளும் அக்கா வந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது, இன்று நாலு மணிக்கு அக்கா வைக்காமல் போன விரல். ஒரு தாளில் எழுதினாள்: 'மெஷினில் நேர்ந்த பிழை என்னுடையது. இன்று சர்வர் அறைப் பக்கம் தரை துடைத்த பணியாளர் நாலு மணிக்குப் பிறகும் இங்கே இருந்தார், எனக்காக.' கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசரின் ஆளில்லாத அறைக்குள் நுழைந்து, அவர் மேசையில் தாளை வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கண்ணாடிக் குண்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.