கேபிளுக்கு எழாத கைகள்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். ஹாமர் நகரில் நடந்த எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று என் காதில் வைத்தே காபியைச் சூடு பண்ணியிருக்கலாம்.

விஷயம் இதுதான். போன இலையுதிர் காலத்தில் சங்கம் எல்லா வீட்டுச் சுவரிலும் மின்காருக்குச் சார்ஜர் மாட்டியது. பெட்டியோடு கேபிளும் சேர்ந்தே தொங்கும் வகை ஒன்று உண்டு. எடுத்து வண்டியில் செருகினால் முடிந்தது வேலை. தலைவர் ஸ்வேரேவுக்கு அது பிடிக்கவில்லை. தொங்கும் கேபிள் அசிங்கமாம், மியோசா ஏரியில் படகு விடுகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். வெறும் துளை மட்டும் உள்ள வழவழப்பான சாம்பல் நிறப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். கேபிளை டிக்கியிலிருந்து நாமே தூக்கி வந்து இரண்டு முனையையும் மாட்ட வேண்டும். பனிக் காலத்தில் அது விறகுக்கட்டையாக விறைத்துவிடும்.

எனக்கு விரல்களில் முடக்குவாதம். ஸ்டியரிங் பிடிக்கலாம், விறைத்த கேபிளை அழுத்திச் செருக முடியாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி, எல்வெரூம் ஊர்ப் பள்ளியில் திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஜனவரியில் பலமுறை வண்டியில் சார்ஜ் இல்லாமல் வேலைக்குப் போக முடியவில்லை. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான். என் சொந்தச் செலவில் கேபிள் வைத்த பெட்டி மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டேன். சுவர்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். சுவருக்கு இருக்கும் மரியாதை மனுஷிக்கு இல்லை!

அதனால் கேபிளை முழங்கையில் கோத்து, பனிச் சேற்றோடு கூட்டத்துக்கே இழுத்துப் போய் மேசைமேல் போட்டேன்.

"ஊன்னி! கேக்குல சேறு படுது!" என்று அலறினார் ஸ்வேரே.

"படட்டும். ஓட்டுக்கு விடுங்க. எனக்குக் கேபிள் வச்ச சார்ஜர் வேணும். யாரெல்லாம் சரின்றீங்க?"

ஒரு கைகூட எழவில்லை. கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி எல்லாரும் காபியையே பார்த்தார்கள். தலைவரை எதிர்த்துப் பேசுவது எங்கள் ஆட்களுக்கு அநாகரிகம்.

பக்கத்து வீட்டு ஊட்வார்தான் எழுந்தார். "இதுக்கு எதுக்குங்க சண்டை? டூக்னாட் போட்டுடலாம்! தினம் ஒருத்தர் போய் ஊன்னி வண்டிக்கு மாட்டிவிட்டா ஆச்சு."

டூக்னாட் என்றால் போதும், எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இலை கூட்டவும் வேலிக்குச் சாயம் அடிக்கவும் தெருவே கூடி உழைத்து வாஃபிள் தின்னும் பழக்கம். "திங்கக்கிழமை நான்!" "செவ்வாய் எனக்கு!" அறை முழுக்கக் கைகள். கைதட்டல் வேறு.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நன்றியில் இல்லை, ஆத்திரத்தில்.

"நாளைக்கு எங்க போறேன்னு நான் தினமும் ஒரு கதவைத் தட்டிச் சொல்லணுமா? ஈஸ்டர் லீவுக்கு நீங்கல்லாம் மலைக்குப் போயிட்டா நான் வீட்டுலயே அடைஞ்சு கெடக்கணுமா? உங்க கையெல்லாம் எனக்கு வேணாம். பெட்டியோட தொங்குற ஒரு கேபிள் குடுங்க, போதும்!"

"அன்பா செய்றோம்னா அதுக்கும் எரிஞ்சு விழுறீங்களே," என்றார் ஸ்வேரே. "அப்படி என்ன மலையைப் புரட்டுற வேலை அது? எங்க வீட்டுலயும் அதே பெட்டிதான். நாங்க என்னைக்காவது குறை சொல்லியிருக்கோமா?"

காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி தூரித் குடுவையைக் கீழே வைத்தாள். அவ்வளவு நேரமும் அதை இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஊற்றினாள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. வலது கையை மெல்லத் தூக்கினாள். விரல் முட்டிகள் வீங்கிச் சிவந்திருந்தன.

"என் ஓட்டு ஊன்னிக்கு."

"தூரித், நமக்கு எதுக்கு அந்த..."

"நம்ம வண்டிக்கு ஒரு நாளாவது நீ மாட்டியிருக்கியா, ஸ்வேரே?"