ராசியில்லாத ஆள்

கிரிக்கு ஹர்ஷிதாவைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால், பாட்டு என்ற பெயரில் யாரோ தொண்டை கிழியக் கத்துவதைக் காரில் ஓட விடுகிறாள், அதை மனுஷன் கேட்பானா என்பான். அது பாதி நிஜம். அவள் கார் ஓட்ட, பக்கத்து சீட்டில் சரத் உட்கார்ந்து அந்தக் கத்தலுக்குத் தலையாட்டிக்கொண்டு வருகிறான். பின்சீட்டில் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு கிரி வருகிறான். மீதி நிஜம் அதுதான். அவனுக்கு வயிறு எரிந்தது.

ஹர்ஷிதா வருவதற்கு முன்னால் கார் எல்லாம் கிடையாது. இருவருக்கும் உயிரான கால்பந்து அணி மூஸி யுனைடெட் ஆடுகிற நாளில் சரத் செகந்திராபாத்திலிருந்து பைக்கில் மௌலா அலியில் இருக்கும் கிரி வீட்டுக்கு வருவான். கிரி மைதானத்தில் அடிக்கிற மேளத்தோடு பின்னால் ஏறிக்கொள்வான். ஒரு ஜோடி இயர்போனை ஆளுக்கொன்றாக மாட்டிக்கொள்வார்கள். பாட்டு எப்போதும் கிரியின் தேர்வு, எல்லாம் பழைய மெலடி. மேட்சுக்குப் போகிறோமா தூங்கப் போகிறோமா என்று நாச்சாரம் ரோடு முழுக்க சரத் கிண்டல் பண்ணுவான். ஆனால் இயர்போனைக் கழற்ற மாட்டான். உப்பல் மைதானம் வருகிற வரைக்கும் பேச்சுதான். நம் கோல்கீப்பருக்கு இருப்பது கையா வெண்டைக்காயா, சரத்தின் மேனேஜர் ஏன் லீவு தர மாட்டேன் என்கிறார், கிரிக்குப் பார்த்த பெண் எதனால் தப்பித்தாள், எல்லாம் அதில் வரும். பள்ளிக்கூட நாளிலிருந்து இப்படித்தான்.

கிரியின் அப்பா மத்திய அரசு வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். வீட்டில் இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான். சரத் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. அவன் தமிழில் பாதி ஹிந்தி. ‘ஏன்’ என்று கேட்கவே அவனுக்கு வராது, ‘கைக்கு’ என்றுதான் வரும். ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’. இவன் ‘ஏல’ என்பான், அவன் ‘ஹவ் ரே’ என்பான், இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும். மூன்றாவது ஆளுக்கு அதில் இடமே இருந்ததில்லை.

ஹர்ஷிதா சரத்தின் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். முதல் நாளே, நம் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் பந்தைப் பார்க்கிறானே தவிர ஆளைப் பார்ப்பதில்லை, அதனால்தான் கோல் விழுகிறது என்றாள். என்ன கண்ணு பார் அவளுக்கு என்று சரத் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இதே விஷயத்தை கிரி போன வருஷமே சொல்லியிருந்தான். அப்போது சரத் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான், ம் என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் வந்த பிறகு அணி அடிக்கடி தோற்றது. அணி அதற்கு முன்னாலும் தோற்றுக்கொண்டுதான் இருந்தது, அது வேறு விஷயம். கிரி அதையெல்லாம் மறந்துவிட்டான். எப்படியோ தட்டுத் தடுமாறி மூஸி யுனைடெட் இறுதிப் போட்டிக்கு வந்ததும், செகந்திராபாத் டீக்கடையில் ரசிகர்கள் கூடியபோது அவன் எழுந்தான்.

இந்த ரசிகர் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யார் வந்தால் அணி தோற்கிறதோ அவர் ‘பனௌதி’, ராசியில்லாத ஆள். பெரும்பாலோர் கை தூக்கிவிட்டால், முக்கியமான மேட்சுக்கு அவர் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லோரும் படித்தவர்கள், சிரித்துக்கொண்டேதான் கை தூக்குவார்கள். ஆனால் ஒருவரும் அதை மீறியதில்லை. சட்டத்தைக் கொண்டுவந்ததே கிரிதான்.

“எனக்கு யார் மேலயும் கோவம் கிடையாது,” என்று கிரி ஆரம்பித்தான். “புதுசா ஆள் வந்ததுல இருந்து தோக்குதோம். நான் சொல்லுதது அவ்ளோதான்.”

எல்லோரும் ஹர்ஷிதாவைப் பார்த்தார்கள். அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி, கூட்டம் சொன்னால் வரவில்லை என்று தெலுங்கில் சொன்னாள். அவள் அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். இரண்டும் செய்யாதது கிரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கூட்டத்துக்குத் தலைவன் மாதவ். அவன் ஒழுங்கு பார்க்கிற ஆள். அவசரப்படக் கூடாது, நடுவில் ஒரு மேட்ச் நாலு கோல் போட்டு ஜெயித்தோமே, அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று கேட்டான். ஹர்ஷிதா இருந்தாள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதே என்றார்கள். அன்றைக்கு மேளம் யார் அடித்தது என்று யாரோ கேட்டார்கள். சரத் அடித்தானாம். கிரி அப்போது அக்கா குழந்தைக்குக் காது குத்த திருநெல்வேலிக்குப் போயிருந்தான்.

ஒரு சிரிப்பு எழுந்தது. அது யார் சிரிப்பு என்று கிரிக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. சரத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனைப் பார்த்துக் கடையே சிரித்தது. கிரிதான் பனௌதி என்று கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. ஹர்ஷிதா மட்டும் கை தூக்கவில்லை. விட்டுவிடுங்கள், இதெல்லாம் விளையாட்டுதானே என்றாள். அவள் தயவில் தப்பிப்பதைவிட மூஸி ஆற்றில் குதிக்கலாம் என்று கிரிக்குத் தோன்றியது. சட்டம் சட்டம்தான், நான் வரவில்லை என்று தானே சொல்லிவிட்டு எழுந்தான்.

வாசலில் சரத் தோளில் கை போட்டான். “ஒரு மேட்ச்தானே ரே. டென்ஷன் நக்கோ.” கிரி அந்தக் கையைத் தட்டிவிட்டு ஆட்டோ பிடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார்கள். கிரி அணியின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். மேளம் மாதவிடம் போய்விட்டது. போனில் படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒன்றில் ஹர்ஷிதாவின் கார். முன்சீட்டில் சரத், வாயைப் பெரிதாகத் திறந்து அவளுடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தான். கிரி போனை அணைத்து அலமாரியில் போட்டான்.

மேட்ச் ஆரம்பித்தது. எதிரணி விசாகா. முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூஸி ஆட்கள் பந்தைத் தொட்டால் கைதட்டினான், விட்டால் திட்டினான். இடைவேளைக்குப் பிறகு விசாகாக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. கிரி தொடையில் அடித்துக்கொண்டு ‘சே’ என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மூஸி ஜெயித்தால் கிரி இல்லாததால்தான் ஜெயித்தது என்றாகிவிடும். ஆயுசுக்கும் அவன்தான் பனௌதி. சரத்தும் அவளும் கட்டிப்பிடித்துக் குதிப்பார்கள், காரில் கோப்பைப் பாட்டு பாடிக்கொண்டு போவார்கள், அந்த நாளைப் பற்றிக் கிழவனாகிற வரைக்கும் சரத் பேசுவான், அந்தக் கதையில் கிரி இருக்க மாட்டான். தோற்றால்? தோற்றால் அவன் ராசி சரியாகிவிடும். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். சரத் மறுபடியும் பைக்கை எடுப்பான்.

தோற்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். சின்ன வயதில் இந்த அணி தோற்றதற்காகச் சாப்பிடாமல் படுத்தவன். பரவாயில்லை, ஒரே ஒரு தடவை தோற்கட்டும்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் வழக்கம்போலப் பந்தைப் பார்த்துக்கொண்டு ஆளை விட்டான். விசாகாக்காரன் தனியாக உள்ளே புகுந்து அடித்தான். வலை ஆடியது.

“கோல்!” என்று கிரி கத்தினான். சோபா மேல் ஏறிக் குதித்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் மறுபடியும் கத்தினான். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு சரத் உள்ளே வந்தான். பச்சைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பஜ்ஜிப் பொட்டலம். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

“கீழே கேட் வரைக்கும் கேட்டுச்சு ரே,” என்றான். “போட்டுட்டோமா? யாரு போட்டான்?”

பதிலுக்குக் காத்திராமல் சரத்தே பேசிக்கொண்டு போனான். மைதானத்துக்குள் போய் உட்கார்ந்துதான் பார்த்தானாம், முடியவில்லையாம். நீ இல்லாமல் என்ன ஃபைனல் என்று ஹர்ஷிதாவிடம் சொல்லிவிட்டு இடைவேளையிலேயே கிளம்பிவிட்டானாம். ரோடெல்லாம் டிராஃபிக், ஆட்டோவில் நெட்டும் வரவில்லை. கடைசிப் பத்து நிமிஷமாவது சேர்ந்து பார்க்கலாம் என்று தெருமுனையிலிருந்து ஓடி வந்தானாம். ஜெயித்தால் பனௌதிப் பேச்சை நாளைக்கே நிறுத்திவிடலாம், நான் உன்கூடத்தானே இருந்தேன், அப்போ என்னையும் சேர்த்துத்தான் பனௌதின்னு சொல்லணும் என்றான்.

சொல்லிக்கொண்டே டிவி பக்கம் திரும்பினான். விசாகாவின் நீலச் சட்டைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டுகொண்டிருந்தார்கள். கோலை மறுபடியும் போட்டுக் காட்டினார்கள். சரத் அதை முழுக்கப் பார்த்தான். பஜ்ஜிப் பொட்டலத்தை மெதுவாக மேஜை மேல் வைத்தான். பிறகு, இன்னும் சோபா மேல் நின்றுகொண்டிருந்த கிரியை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்போ நீ கைக்குடா கத்தினே?” என்று கேட்டான்.