முப்பத்தோராம் பிரிவில் ஒரு சொல்

ஒரு வாடிக்கையாளரின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல்செய்தி வந்தது. கையுறையெல்லாம் சாயம். சலூன் அக்கா முழங்கையால் போனைத் தட்டினாள்.

"அக்கா, கேட்டீங்களா? நம்ம புள்ளைங்களுக்கு இருக்கிற சட்டத்தையே தூக்கப் போறாங்களாம். உதவி டீச்சர் கிடையாதாம், பேச்சுப் பயிற்சி கிடையாதாம். அடுத்த வருஷத்தோட எல்லாம் முடிஞ்சுதாம்!"

பேசியவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவள். அவளுடைய மகன் சக்கர நாற்காலியில் பள்ளிக்கு வருபவன். பள்ளி வாசலில் காத்துக் கிடந்து கிடந்தே இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள்.

அந்தத் தெருவில் எல்லாரும் 'சலூன் அக்கா' என்று கூப்பிடும் அவளுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை ஒருவர் விடாமல் "உங்க டிக்கெட் எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவள் பெயரே டிக்கெட் என்றாகிவிட்டது. வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார ஓர் உதவி ஆசிரியை, வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. இந்த இரண்டும் முத்திரை குத்திய ஓர் உதவித் திட்டத்தில் எழுதியிருந்தன. எழுதியிருப்பதைப் பள்ளி செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்த ஒரு காகிதத்துக்காக அவளும் அவள் கணவனும் இரண்டு வருஷம் நாயாக அலைந்திருந்தார்கள்.

மதியத்துக்குள் பெற்றோர் குழுவில் அறுபத்து மூன்று செய்திகள். ஒருவர் பள்ளியையே மூடப் போவதாக எழுதினார். இன்னொருவர் நம் பிள்ளைகளை வேறு கட்டிடத்துக்கு மாற்றப் போவதாகச் சத்தியம் செய்தார். நடுவில் ஒருவர் சம்பந்தமே இல்லாமல் ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய நாள்' என்று வாழ்த்தியிருந்தார்.

சாப்பிட வந்த கணவனிடம் அவள் போனை நீட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் போகத் தேய்த்துக்கொண்டே அத்தனையையும் படித்தான்.

"சரி. இதை யாராவது படிச்சாங்களா?"

"எதைங்க?"

"சட்டத்தை."

அவள் படிக்கவில்லை. குழுவில் கேட்டுப் பார்த்தாள். அங்கேயும் யாரும் படித்திருக்கவில்லை. வரைவுச் சட்டம் கல்வித் துறையின் இணையதளத்தில் பத்து நாளாகச் சும்மா கிடந்திருக்கிறது. நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.

"நூத்திப் பதினெட்டா? எனக்குத் தலை சுத்துது."

"கம்பெனி புது மாடல் மேனுவல் அனுப்பினா நாங்க முழுசாவா படிக்கிறோம்? பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது மாறியிருக்குன்னு மட்டும் பாப்போம். அதையே இங்கயும் செய்வோம்."

ஞாயிற்றுக்கிழமை சலூனுக்கு விடுமுறை. பழைய சட்டம், புது வரைவு இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு வந்தான். இடது கண்ணாடியில் பழசு, வலது கண்ணாடியில் புதுசு. ஒவ்வொரு தாளையும் கூந்தல் கிளிப்பால், கண்ணாடிக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் மாட்டினார்கள். வரவேற்பாளர் வந்தாள். பேக்கரிக்காரரும் வந்தார், ஒரு பை நிறைய சூடான பன்களோடு. அவருடைய மகன் காதுக்கருவி போட்டுக்கொண்டு கேட்பவன். நடுக் கண்ணாடியின் முன்னாலிருந்த நாற்காலியில் டிக்கெட் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் விளங்கவில்லை.

"'மேற்படி பிரிவுக்கு ஊறு விளைவிக்காத வகையில்...'" என்று எழுத்துக் கூட்டிய பேக்கரிக்காரர் நிமிர்ந்தார். "இதுல ஊறுகாய் எங்கேருந்து வந்துச்சு?"

"அண்ணே, ஊறுன்னா கெடுதல்."

"அப்ப கெடுதல்னே எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பிடி கிடைத்தது. ஒன்பதாம் பிரிவைப் படித்த வரவேற்பாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். பிள்ளையைப் பரிசோதித்துத் திட்டம் எழுதப் பழைய சட்டத்தில் காலக்கெடுவே கிடையாது. புதிதில் பன்னிரண்டு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று இருந்தது.

"நான் பதினாலு மாசம் காத்திருந்தேன்! இது நல்லதுதானே? நல்லதை ஏன் யாரும் குழுவில போடல?"

"படிச்சிருந்தாதானே போட!" என்றான் மெக்கானிக்.

உதவி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று இன்னொரு நல்லது கிடைத்தது. பள்ளியை மூடுவதாக எங்கேயும் இல்லை. எல்லாருக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது. பன் பை சுற்றி வந்தது. அப்போதுதான் மெக்கானிக் முப்பத்தோராம் பிரிவில் விரலை வைத்தான்.

பழையது: 'திட்டத்தில் குறிப்பிட்ட உதவியைப் பள்ளி அளிக்க வேண்டும்.' புதியது: 'திட்டத்தில் குறிப்பிட்ட உதவியைப் பள்ளி அளிக்கலாம்.'

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் வரவேற்பாளர். "புதுசுல கொஞ்சம் மரியாதையா சொல்லியிருக்காங்க, அவ்வளவுதான்."

சலூன் அக்காவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு தாள் நழுவி விழ, மகளைப் பார்த்து, "டிக்கெட், அந்தக் கிளிப் டப்பாவை அம்மாகிட்ட எடுத்துக் குடுக்கலாமே," என்றாள்.

"குடுக்கலாம்," என்றாள் டிக்கெட். நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

"குடுக்கணும்டா கண்ணு," என்றான் அப்பா.

அவள் உடனே இறங்கினாள், டப்பாவை எடுத்து அம்மா கையில் வைத்தாள், திரும்பிப் போய் ஏறிக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் வாய்க்குக் கொண்டுபோன பன்னைக் கீழே வைத்தார்.

"மாவுல உப்பு போடணும்னு எழுதி வச்சா அது ரொட்டி. போடலாம்னு எழுதினா, கடையில மாவு பிசையற என் தம்பிக்கு நெனப்பு இருக்கிற அன்னிக்கு மட்டும்தான் ரொட்டி," என்றார்.

"பிரேக்கைச் சரிபார்க்கலாம்னு மேனுவல்ல இருந்தா, நான் அந்த லிஃப்ட்ல கால வைக்க மாட்டேன்," என்றான் மெக்கானிக்.

புதன்கிழமை பிற்பகல் வரைவு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம். நகராட்சிக் கட்டிடத்தின் இரண்டாவது மாடி. போய்ப் பார்த்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவு மூடுவதும் திறப்பதுமாக அடம்பிடித்தது. சக்கர நாற்காலியில் மகனை வைத்துக்கொண்டு வரவேற்பாளர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்களைப் பத்திப் பேச வரச் சொல்லிட்டு, எங்களாலயே வர முடியாத எடத்துல வச்சிருக்காங்க பாருங்க!"

மெக்கானிக் காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவோரம் குந்தினான். கதவு ஓடும் தடத்தில் ஒரு பேனா மூடி சிக்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். கதவு சமர்த்தாக மூடித் திறந்தது. கோப்புகளைச் சுமந்துகொண்டு பின்னால் நின்றிருந்த ஒரு பெண்மணி, "ரொம்ப நன்றிங்க, மூணு நாளா இப்படித்தான்," என்று சொல்லி அவர்களோடு ஏறிக்கொண்டார். மேலே போய் மேடையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வரைவைத் திருத்தப்போகும் அதிகாரியே அவர்தான் என்று.

ஆளுக்கு மூன்று நிமிஷம். முன்னால் பேசிய இருபது பேரும் கோபமாகப் பேசினார்கள். அதிகாரி குனிந்து குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். சலூன் அக்காவின் முறை வந்தது. நாள் முழுக்க வாய் ஓயாதவள்தான். ஆனால் இத்தனை வருஷமும் ஆட்களின் பிடரியைப் பார்த்துப் பேசியே பழகியவள். எதிரே இவ்வளவு முகங்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மேடம்... முதல்ல ஒன்பதாம் பிரிவுக்கு நன்றி. பன்னிரண்டு வாரம்னு போட்டது ரொம்ப நல்லது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அன்றைக்கு அவர் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான் போலும். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஆனா முப்பத்தொண்ணுல 'அளிக்க வேண்டும்' போய் 'அளிக்கலாம்'னு ஆயிருக்கு. அதைப் பழையபடி மாத்தணும்."

"அம்மா, 'லாம்'னு போட்டதால செய்ய மாட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கட்டும்னுதான்."

அவள் கிளிப் டப்பா கதையைச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டிக்கெட்டைப் பார்த்து, "பாப்பா, இங்க வந்து என் பக்கத்துல உட்காரலாமே," என்றார்.

"உட்காரலாம்," என்றாள் டிக்கெட். அசையவில்லை.

அரங்கமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு குரல் நடுங்காமல் சொன்னாள்:

"என் பொண்ணு தப்பா எதுவும் சொல்லல மேடம். நீங்க கேட்டதுக்குச் சரியான பதிலைத்தான் சொன்னா. நாளைக்குப் பள்ளிக்கூடமும் எங்ககிட்ட இதே சரியான பதிலைத்தான் சொல்லும்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு ஒரு வரி எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். கூட்டம் முடிந்து அவர் இறங்கி வந்தபோது டிக்கெட் வழிமறித்து, "உங்க டிக்கெட் எங்க?" என்றாள். அவர் பை முழுக்கத் தேடி, வாகன நிறுத்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். அவள் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சரி, போங்க," என்று வழி விட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, திருத்திய வரைவு வந்தது. இந்த முறை குழுவில் புரளி கிளம்பவில்லை. முதலில் படித்தவளே வரவேற்பாளர்தான். மருத்துவமனை என்றும் பாராமல் கத்தியிருக்கிறாள்; குரல்செய்தியின் பின்னணியில் ஒரு நோயாளி, "என்னாச்சு, பல்லைப் பிடுங்கிட்டாங்களா?" என்று பதறுவதும் கேட்டது.

சலூன் அக்கா நம்பாமல் தானே திறந்து பார்த்தாள். 'பள்ளி அளிக்க வேண்டும்.' இரண்டு முறை படித்தாள். கணவனை அழைத்தாள். ஏதோ கட்டிடத்தின் ஏழாவது மாடியிலிருந்து எடுத்தான்.

"முப்பத்தொண்ணு மாறிடுச்சுங்க!"

"அடி சக்கை!" என்ற குரல் லிஃப்ட் குழிக்குள் எதிரொலித்து இரண்டு முறை கேட்டது. "மத்ததெல்லாம்?"

அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "பன்னிரண்டு வாரம் அப்படியே இருக்கு. டீச்சர் பயிற்சியும் இருக்கு. நம்ம புள்ளைங்களுக்குப் பள்ளி வேன் உண்டாங்கிறதை மட்டும் இன்னும் இழுபறியா எழுதியிருக்காங்க. மாசக் கடைசி வரைக்கும் கருத்துச் சொல்லலாமாம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லு. வேனையும் ஒரு கை பாத்துடுவோம்."

அவள் போனை வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது; சிரிப்பும் வந்தது. பேக்கரிக்காரருக்குச் சொல்லலாம் என்று மறுபடி போனை எடுத்தபோது, பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. கழுத்தில் துணி போர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதி போலிருக்கு. ரொம்ப சந்தோஷம்மா," என்றார். "ஆனா என் தலையில எடது பக்கம் மட்டும்தான் வெட்டியிருக்கீங்க. இப்படியே நான் தெருவுல இறங்கினா நாய்கூடக் கடிதம் வாங்காது."

அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள்.